ரொட்டி விலையும் ரகசியக் கூட்டமும்

தண்டவாளம், ஜல்லி, ஸ்லீப்பர் என்று முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் காலம் தள்ளியவனுக்குச் சட்ட விஷயத்தில் என்ன வேலை என்று நம் சங்கத்து நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் டிப்ளமோ படித்தவன். வக்கீலும் அல்ல, பொருளாதாரப் பேராசிரியரும் அல்ல. ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவன். ஒரு பொருளின் விலை ஏறினால் அது ஏன் ஏறியது என்று யோசிக்கும் பழக்கம் உண்டு. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பழக்கமே வித்து.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததியார் பெருமளவில் வாழும் ஊர் அது. அடுத்த வீட்டுப் பெரியவர் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தவர். பெயர் தமிழ்ப் பெயர். பேச்சு முழுக்க ஆங்கிலம். என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் எங்களுக்காக 'பன்னி சௌ' வாங்கி வந்தார். அரை ரொட்டியின் நடுவைக் குடைந்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் குழம்பை ஊற்றித் தருவார்கள். டர்பன் இந்தியர்கள் உண்டாக்கிய உணவு இது. நாங்கள் சைவம் என்பதால் பீன்ஸ் விதைக் குழம்பு ஊற்றியதை வாங்கி வந்திருந்தார்.

சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே, "இந்த ரொட்டியில்கூட எங்களை ஏமாற்றினார்கள், தெரியுமா?" என்று ஒரு கதையை ஆரம்பித்தார். பாதிதான் அவர் சொன்னது. மீதியை மகள் வீட்டில் உட்கார்ந்து படித்துத் தெரிந்து கொண்டேன். படிக்கப் படிக்க, நான் வேலையில் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் ரொட்டிக் கதை சுலபமாகப் புரியும்.

ஒரே டைப்ரைட்டர்

1980களில் ஒரு நாள், ஜல்லி சப்ளைக்கு டெண்டர் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து காண்ட்ராக்டர்கள் விலை கொடுத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து கவர்களைப் பிரித்தபோது எங்கள் ஹெட் கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக் கொண்டு பார்த்தார். ஐந்து கடிதங்களிலும் ஆங்கில எழுத்தான 'ஈ' மட்டும் வரியை விட்டுக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொண்டு நின்றது. அதாவது ஐந்து 'போட்டியாளர்களின்' கடிதங்களும் ஒரே டைப்ரைட்டரில் அடிக்கப்பட்டவை! நால்வர் விலை கண்டபடி உயரம். ஒருவர் விலை மட்டும் கொஞ்சம் குறைவு. அதுவும் மார்க்கெட் நிலவரத்தைவிட அதிகம்தான். இந்த முறை யாருக்கு, அடுத்த முறை யாருக்கு என்று அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

ஆபீசில் இதை 'ரிங்' என்போம். சட்டப் புத்தகத்தில் இதற்குக் 'கார்ட்டல்' என்று பெயர். ஒருவரோடொருவர் போட்டி போட வேண்டிய வியாபாரிகள் ரகசியமாகக் கூடி விலையை நிர்ணயிப்பது, வாடிக்கையாளர்களையோ ஊர்களையோ பங்கு போட்டுக் கொள்வது, டெண்டரில் முறை வைத்துக் கொள்வது ஆகிய மூன்றும் கார்ட்டலில் அடங்கும்.

அன்று மேலதிகாரிகள் டெண்டரை ரத்து செய்தார்கள். மறு டெண்டருக்கு அதே ஐந்து பேர் வந்தார்கள். இந்தத் தடவை டைப்ரைட்டர்கள் வேறு வேறாக இருந்தன. விலை மட்டும் இறங்கவில்லை. வேலை நிற்கக் கூடாது என்பதால் கடைசியில் கொடுத்தாக வேண்டியதாயிற்று. எங்கள் மட்டத்தில் அதற்குமேல் ஒன்றும் செய்ய வழியில்லை.

நான்கு கம்பெனிகளின் ரொட்டி

இப்போது தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். அங்கே ஏழை எளியவர்களின் அன்றாட உணவில் சோள மாவுக் களிக்கு அடுத்தபடி ரொட்டிதான். பிரவுன் ரொட்டிக்கு மதிப்புக் கூட்டு வரியே கிடையாது என்றால் அதன் முக்கியத்துவத்தைப் புரிந்து கொள்ளலாம்.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் கோதுமையும் மாவும் ரொட்டியும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தன. கோதுமை வாரியம் இருந்தது. விலையை அரசு நிர்ணயித்தது. ஆலைக்காரர்கள் ஒருவரோடொருவர் போட்டி போட வேண்டிய அவசியமே இல்லை. 1991ல் ரொட்டிக்கான விலைக் கட்டுப்பாடும் மானியமும் நீங்கின. 1997ல் வாரியமும் மூடப்பட்டது. இனிச் சந்தையே விலையைத் தீர்மானிக்கும் என்றார்கள். ஆனால் சந்தையில் இருந்தவர்கள் யார்? டைகர் பிராண்ட்ஸ், பிரீமியர் ஃபுட்ஸ், பயோனியர் ஃபுட்ஸ், ஃபுட்கார்ப் என்ற நான்கு பெரிய கம்பெனிகள். கோதுமை அரைப்பதும் இவர்கள், ரொட்டி சுடுவதில் பெரும்பகுதியும் இவர்கள். பல ஆண்டுகள் அரசாங்க மேசையைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து பழகியவர்கள், அந்த மேசை போன பிறகு தாங்களே ஒரு மேசை போட்டுக் கொண்டார்கள்.

அரசு கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் போட்டி தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தானாக வருவதில்லை. கேட்கீப்பரை எடுத்துவிட்ட லெவல் கிராசிங் மாதிரிதான். ரயிலும் லாரியும் அவரவர் இஷ்டத்துக்கு வரும். இடையில் மாட்டிக் கொள்பவன் சைக்கிள்காரன்.

இதை உணர்ந்துதான் ஜனநாயக ஆட்சி வந்த பிறகு 1998ல் புதிய போட்டிச் சட்டம் இயற்றினார்கள். 1999 செப்டம்பரில் மூன்று அமைப்புகள் வேலையை ஆரம்பித்தன. விசாரித்து வழக்குத் தொடுக்கப் போட்டி ஆணையம். தீர்ப்புச் சொல்லப் போட்டித் தீர்ப்பாயம். மேல்முறையீட்டுக்குப் போட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம். விசாரிப்பவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஒரு விநியோகஸ்தரின் புகார்

2006 டிசம்பர். கிறிஸ்துமஸ் நேரம். கேப் டவுன் அமைந்துள்ள மேற்குக் கேப் மாகாணத்தில் சின்னச் சின்ன ரொட்டி விநியோகஸ்தர்கள் இருந்தார்கள். பெரிய பேக்கரிகளிடம் தள்ளுபடி விலையில் ரொட்டி எடுத்து, குடிசைப் பகுதிக் கடைகளுக்குக் கொண்டு போய்ப் போடுவதுதான் அவர்கள் பிழைப்பு. அவர்களுக்கு பேக்கரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ரொட்டி விலை ஏறுகிறது, உங்களுக்குத் தரும் தள்ளுபடி குறைகிறது என்று. சரி, வேறு கம்பெனியிடம் போவோம் என்று பார்த்தால் அங்கும் அதே நேரத்தில் அதே மாதிரி உயர்வு, அதே மாதிரி குறைப்பு. ஒருவரிடமிருந்து விலகி வரும் விநியோகஸ்தரை இன்னொருவர் ஏற்கவும் தயாராக இல்லை.

சிலர் தலையெழுத்து என்று இருந்துவிட்டார்கள். இம்ரான் முக்கடம் என்ற விநியோகஸ்தர் அப்படி இருக்கவில்லை. அவரும் அவரைப் போன்ற வேறு சிலரும் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். அவர்கள் கையில் ரகசியக் கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகம் ஏதும் இல்லை. எல்லாரும் சேர்ந்தாற்போல் ஒரே நேரத்தில் விலை ஏற்றுகிறார்கள் என்ற ஒரு கவனிப்புதான் இருந்தது. எங்கள் ஹெட் கிளார்க் கண்ணில் பட்ட அந்த எழுத்தைப் போல.

தொகை சில்லறைதானே என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொட்டி ஒன்றுக்கு 30 சென்ட் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். நூறு சென்ட் ஒரு ராண்ட். நாளுக்கு ஒரு ரொட்டி வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 110 ராண்ட். பத்து லட்சம் குடும்பம் என்றால் 11 கோடி ராண்ட். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழக்குப் போடும் அளவுக்கு நஷ்டம் இல்லை. கம்பெனிகளுக்கோ கோடிக்கணக்கில் லாபம். கார்ட்டலின் பலமே இதுதான். எல்லார் பையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பதால் யாரும் கத்துவதில்லை.

அப்ரூவருக்கு மன்னிப்பு

புகார் வந்துவிட்டது. நிரூபிப்பது எப்படி? ரகசியப் பேச்சுக்குச் சாட்சி அதில் கலந்து கொண்டவர்கள் மட்டுமே. இதற்குத் தென்னாப்பிரிக்கா 2004லேயே ஒரு வழி செய்து வைத்திருந்தது. கார்ட்டலில் இருந்த கம்பெனிகளில் யார் முதலில் வந்து உண்மையை முழுவதும் ஒப்புக் கொண்டு, மற்றவர்களுக்கு எதிராக ஒத்துழைக்கிறார்களோ, அவர்களுக்கு அபராதம் கிடையாது. முதலில் வருபவருக்கு மட்டுமே இந்தச் சலுகை. நம் ஊர்க் கோர்ட்டில் அப்ரூவர் ஆவது என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

இதன் சூட்சுமம் மனித மனத்தில் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு தவறு செய்கிறார்கள். விசாரணை ஆரம்பம் என்று தெரிந்த நிமிஷமே ஒவ்வொருவருக்கும் மற்ற மூவர் மேல் சந்தேகம் வந்துவிடும். 'நாம் வாயை மூடிக் கொண்டிருக்கும்போது அவன் போய்ச் சொல்லிவிட்டால்?' என்ற பயம். தள்ளி நின்று பிரிக்க முடியாத கூட்டை உள்ளிருந்தே பிரித்துவிடும் பயம் இது.

அப்படியே நடந்தது. 2007ல் பிரீமியர் ஃபுட்ஸ் மன்னிப்பு கேட்டு வந்தது. மேற்குக் கேப் மாகாணத்தில் நடந்ததை மட்டும் அல்லாமல், நாட்டின் மற்றப் பகுதிகளிலும் ரொட்டியிலும் மாவிலும் இதே ஏற்பாடு நடப்பதையும் சொன்னது. ஒரு ரொட்டித் துண்டைப் பிய்க்கப் போய் முழு ரொட்டியும் கையோடு வந்துவிட்டது.

டைகர் பிராண்ட்ஸ் 2007 நவம்பரில் ஒப்புக் கொண்டு சுமார் 9.88 கோடி ராண்ட் அபராதம் கட்டியது. ஃபுட்கார்ப் 2009 ஜனவரியில் 4.54 கோடி. பயோனியர் ஃபுட்ஸ் மட்டும் குற்றத்தை மறுத்து வழக்காடியது. தீர்ப்பாயம் அதன் மறுப்பை ஏற்கவில்லை. 2010 பிப்ரவரியில் 19.57 கோடி ராண்ட் அபராதம் விதித்தது. அன்றைய சட்டப்படி ஆண்டு விற்பனையில் 10 சதவீதம்தான் அபராதத்தின் உச்சவரம்பு. பயோனியருக்கு மாகாண வழக்கில் 9.5 சதவீதமும் நாடு தழுவிய வழக்கில் முழு 10 சதவீதமும் விழுந்தது.

மாவு உள்ளிட்ட மிச்ச வழக்குகளுக்காக 2010 நவம்பரில் அதே பயோனியர் 50 கோடி ராண்டுக்குச் சமாதானம் செய்து கொண்டது. அதில் பாதியான 25 கோடி, உணவுப் பதப்படுத்தும் தொழிலில் புதியவர்களையும் சிறியவர்களையும் தூக்கி விடுவதற்கான ஒரு நிதிக்குப் போனது. அதோடு மாவு, ரொட்டி விலையைக் குறைத்து 16 கோடி ராண்ட் லாபத்தை விட்டுக் கொடுப்பதாகவும் கம்பெனி ஒப்புக் கொண்டது.

மாவுக் கார்ட்டலால் யாருக்கு அதிக அடி என்று பிற்பாடு ஆராய்ந்தார்கள். தனியாக பேக்கரி நடத்திய சிறு முதலாளிகள் மாவுக்கு 7 முதல் 42 சதவீதம் வரை அதிக விலை கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்கு வந்தது. பெரிய ஆலைக்காரரிடமே மாவு வாங்கி, அதே ஆலைக்காரரின் ரொட்டியோடு போட்டி போட வேண்டிய நிலை அவர்களுக்கு. கார்ட்டல் வாங்குபவனைச் சுரண்டுவதோடு நிற்பதில்லை. புதிதாகத் தொழில் தொடங்குபவனையும் முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

சாப்பிட்டவருக்கு என்ன கிடைத்தது?

பெரியவர் கேட்டதும் இதைத்தான். "அபராதம் கட்டினார்கள். எனக்கு என்ன வந்தது?" என்றார். நேரடியாக ஒன்றும் வரவில்லை. அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும். ரொட்டி வாங்கியவர் ரசீதா வைத்திருப்பார்?

இந்தக் கேள்வியோடு தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கமும் நீதிமன்றம் போயின. முக்கடமும் மற்ற விநியோகஸ்தர்களும் தங்கள் நஷ்டத்துக்காகத் தனியே போனார்கள். பாதிக்கப்பட்ட எல்லாருக்குமாகச் சிலர் சேர்ந்து ஒரே வழக்காகப் போட அனுமதிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. உயர் நீதிமன்றம் மறுத்தது. 2012 நவம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நுகர்வோர் தரப்புக்கு மறுபடி முயலக் கதவைத் திறந்தது, விநியோகஸ்தர்களுக்கு மூடியது. முக்கடம் விடவில்லை. நாட்டின் உச்ச பீடமான அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். 2013 ஜூன் மாதம் அந்த நீதிமன்றம் கீழ்த் தீர்ப்புகளை ரத்து செய்து, அவர்களும் கூட்டு வழக்குக்கு அனுமதி கேட்கலாம் என்றது. அத்தகைய வழக்கை அனுமதிப்பதற்கு நீதியின் நலனே அளவுகோல் என்று தெளிவுபடுத்தியது. புகார் கொடுத்து ஆறரை ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைத்தது பணம் அல்ல, பணம் கேட்கும் வழி. ஆனால் அந்த வழி அவருக்குப் பின்னால் வரும் எல்லாருக்கும் பொது.

இன்னொரு நெருடலும் உண்டு. சதியில் பங்கு கொண்ட கம்பெனி முதலில் ஓடி வந்தது என்பதற்காக அபராதமே இல்லாமல் போகலாமா? என் மனைவி இதைக் கேட்டவுடன், "நல்ல நியாயம்! திருடியவனுக்குத் தண்டனை இல்லை, தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையா?" என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த ஒருவர் வாய் திறக்காவிட்டால் நால்வரும் தப்பியிருப்பார்கள். நாடு முழுதும் நடந்த விஷயம் வெளியே வந்திருக்காது. ஒருவரை விட்டு மூவரைப் பிடிப்பது பூரண நியாயம் அல்ல. ஒருவரையும் பிடிக்காமல் இருப்பதைவிட மேல்.

ஸ்லீப்பரிலும் அதே கதை

படித்துக் கொண்டே வந்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு வழக்கு. கான்கிரீட் குழாய், கல்வர்ட், மேன்ஹோல், கூடவே ரயில்வே கான்கிரீட் ஸ்லீப்பர்! இவற்றைத் தயாரித்த கம்பெனிகள் தென்னாப்பிரிக்காவில் 1973 முதல் 2007 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள் கார்ட்டல் நடத்தியிருக்கின்றன. நான் வேலையில் சேர்வதற்கு முன்பே ஆரம்பித்து, சீனியர் ஆகும் வரை ஓடியிருக்கிறது.

அதை நடத்திய ஒழுங்கைப் பார்த்தால் தலை சுற்றும். கூட்டத்தில் ஒருவருக்கு 'பேங்கர்' என்று பெயர். எந்த டெண்டர் யாருக்கு, யார் பங்கு எத்தனை சதவீதம், இதுவரை யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கெல்லாம் அவரிடம். இந்த டெண்டரில் ஜெயிக்க வேண்டியவர் இன்ன விலை, தோற்க வேண்டியவர்கள் இன்ன விலை என்று அவர் சொல்வார். எங்கள் ஐந்து காண்ட்ராக்டர்கள் இவர்கள் முன் பாலபாடம் படிக்கிறவர்கள்!

இதுவும் 2007 டிசம்பரில் அதே முறையில் உடைந்தது. ராக்லா என்ற கம்பெனி முதலில் வந்து ஒப்புக் கொண்டு மன்னிப்புப் பெற்றது. அவெங் என்ற குழுமம் 4.6 கோடி ராண்டுக்கு மேல் அபராதம் கட்டியது. பிறகு பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டபோது, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் 16.5 முதல் 28 சதவீதமும், டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டாலில் 51 முதல் 57 சதவீதமும் அதிக விலை வாங்கப்பட்டிருந்தது தெரிந்தது. குடிநீர், சாக்கடை, சாலை வேலைகளுக்கு அரசாங்கம் வாங்கிய பொருள்கள் இவை. இரண்டு குழாய் போட வேண்டிய பணத்தில் ஒன்றே கால் குழாய் போட்டார்கள் என்றால், குழாய் வராத தெரு யாருடையதாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஆணையம் கட்டுமானத் துறை முழுவதையும் துருவியது. 2013ல் 15 கட்டுமான நிறுவனங்கள் மொத்தம் 146 கோடி ராண்ட் கட்டச் சம்மதித்தன. 2010 உலகக் கோப்பைக் கால்பந்து மைதானங்களின் டெண்டர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். 2016 மே முதல் தேதியிலிருந்து கார்ட்டலில் ஈடுபடும் மேலாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் 10 ஆண்டு வரை சிறை என்ற பிரிவும் அமலுக்கு வந்தது. அபராதத்தைக் கம்பெனி கட்டிவிடும். ஜெயிலுக்குக் கம்பெனி போக முடியாது, ஆள்தான் போக வேண்டும்.

மற்ற நாடுகளில்

ஆப்பிரிக்கா என்றால் தென்னாப்பிரிக்கா மட்டும் அல்லவே. கென்யாவில் ரகசியக் கூட்டத்துக்குப் பதில் ஒரே கம்பெனியின் ஆதிக்கம் பிரச்சினையாக இருந்தது. சஃபாரிகாம் 2007ல் தொடங்கிய 'எம்-பெசா' கைபேசிப் பணச் சேவை நாடெங்கும் பரவியது. மூலைமுடுக்குக் கடைகள் எல்லாம் அதன் ஏஜெண்டுகள். ஆனால் அந்த ஏஜெண்டுகள் வேறு கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. புதிதாக வருபவர் கடைக்கு எங்கே போவார்? கென்யாவின் போட்டி ஆணையம் 2014ல் அந்த நிபந்தனையை நீக்க வைத்தது. தண்டவாளம் ஒருவருடையதாக இருந்தாலும் மற்றவர் வண்டியும் ஓட வழிவிட வேண்டும் என்பது போன்ற தீர்வு.

நைஜீரியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024ல் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு 22 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2025ல் அங்குள்ள தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. 21 நாடுகள் சேர்ந்த கொமேசா அமைப்புக்கு, மலாவியின் லிலோங்வே நகரில் 2013 முதல் பொதுவான போட்டி ஆணையம் ஒன்று செயல்படத் தொடங்கியது. கம்பெனிகள் எல்லை தாண்டி வியாபாரம் செய்யும்போது காவல் மட்டும் எல்லையோடு நின்றால் போதாது அல்லவா?

இன்னொரு விசேஷம். தென்னாப்பிரிக்கச் சட்டம் விலையை மட்டும் பார்ப்பதில்லை. வேலைவாய்ப்பையும் சிறு தொழிலையும் நிறவெறியால் ஒதுக்கப்பட்டவர்களின் வாய்ப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் வால்மார்ட், மாஸ்மார்ட் என்ற உள்நாட்டுக் கடைக் குழுமத்தை வாங்கியபோது, வேலை நீக்கப்பட்ட 503 பேரை மீண்டும் சேர்க்கும்படி 2012ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. உள்ளூர்ச் சப்ளையர்களைத் தயார் செய்ய 24 கோடி ராண்ட் வரை நிதி ஒதுக்கவும் வைத்தது. போட்டிச் சட்டத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கடை வைக்க அனுமதிக்கப்படாத மக்கள் வாழும் நாட்டில், இன்று முதல் எல்லாரும் சமமாகப் போட்டி போடலாம் என்று சொல்வது மட்டும் போதாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நாம் கவனிக்க வேண்டியது

நம் நாட்டிலும் 2002ல் போட்டிச் சட்டம் வந்தது. அதன் கார்ட்டல் பிரிவுகள் 2009 மே முதல் அமலில் உள்ளன. டெல்லியில் இந்தியப் போட்டி ஆணையம் இருக்கிறது. முதலில் ஒப்புக் கொள்பவருக்கு அபராதத்தைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. நுகர்வோரோ சங்கமோ யார் வேண்டுமானாலும் அதற்கான கட்டணம் செலுத்தித் தகவல் கொடுக்கலாம். நம்மில் பலர் வியாபாரம் செய்கிறோம். சிலர் பிளாட் சங்கங்களில், பள்ளி கமிட்டிகளில், கோயில் கமிட்டிகளில் கொட்டேஷன் வாங்கும் பொறுப்பில் இருக்கிறோம். அவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

விலைகள் ஒன்றுபோல் இருப்பது மட்டும் குற்றத்துக்குச் சான்று ஆகாது. டீசல் ஏறினால் எல்லா லாரி வாடகையும் ஏறத்தான் செய்யும். ஆனால் செலவு ஏறாதபோது எல்லாரும் ஒரே தேதியில் ஒரே தொகை ஏற்றினால் சந்தேகப்படுங்கள். தோற்றவரே ஜெயித்தவரிடம் சப்-காண்ட்ராக்ட் எடுத்தால் சந்தேகப்படுங்கள். வருஷா வருஷம் முறை வைத்தாற்போல் ஆள் மாறி மாறி ஜெயித்தால் சந்தேகப்படுங்கள். வெவ்வேறு கொட்டேஷனில் ஒரே எழுத்துப் பிழை இருந்தால் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டு மறுபடி பாருங்கள். சந்தேகம் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். காகிதங்களைத் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். முக்கியமாக, நீங்களே வியாபாரியாக இருந்து, யாராவது 'நாம் எல்லாரும் ஒரே விலை வைத்துக் கொள்வோமே' என்று டீ வாங்கிக் கொடுத்தால், டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் பெரியவரிடம் விடைபெறப் போனேன். ரொட்டியில் பறிகொடுத்த சில்லறை அவருக்குத் திரும்பி வரவில்லை. இனி வரும் என்ற எதிர்பார்ப்பும் அவருக்கு இல்லை. ஆனால் நாட்டின் பெரிய கம்பெனிகளைத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தியது ஒரு சாதாரண ரொட்டி விநியோகஸ்தரின் புகார் என்பதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

விமானத்தில் வரும்போது எங்கள் ஹெட் கிளார்க்கை நினைத்துக் கொண்டேன். அவர் இப்போது இல்லை. அந்த ஐந்து கடிதங்களையும் அவர் கண்டுபிடித்தார். ஆனால் கண்டதைக் கொண்டு போய்ச் சொல்ல அன்று எங்களுக்கு ஓர் இடம் தெரியவில்லை. இன்று இடம் இருக்கிறது. பார்ப்பதும் சொல்வதும் நம் கையில்.